மோட்டாரை மேலே தூக்கும் முன்: பம்ப் பழுதை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

20 ஆண்டுகளுக்கு முன், பல்லடம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 700 அடி ஆழத்திலிருந்து தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரை ஏற்றினோம். 20 அடி நீள இரும்புக் குழாய்கள் 35. காலை ஆறு மணிக்கு முக்காலி நட்டுச் சங்கிலிக் கப்பியை மாட்டினோம். மோட்டார் வெளியே வந்தபோது பிற்பகல் மூன்று மணி. தண்ணீர்த் தொட்டியில் இறக்கி மின்சாரம் கொடுத்தால் நன்றாகச் சுற்றுகிறது. பழுது மோட்டாரிலேயே இல்லை. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ஸ்டார்ட்டருக்குள் ஒரு கான்டாக்ட் முனை கருகிப்போய், மூன்று பேஸில் (மின்முனையில்) ஒன்று கீழே போகாமல் நின்றிருந்தது. ஐந்து ஆட்களின் ஒரு நாள் உழைப்பு வீண். தக்காளிச் செடிகள் வெயிலில் தலை தொங்கிக் கிடந்தன. கூலியை எண்ணிக் கொடுத்த அந்த அம்மாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நான் அப்போது கையாளாகத்தான் போயிருந்தேன். ஆனாலும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: தரைக்கு மேலே இருப்பதை எல்லாம் பார்த்து முடிக்காமல் குழாயில் ரெஞ்ச் வைக்கக் கூடாது.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நான் பார்த்த பழுதுகளை வைத்து இதை எழுதுகிறேன். இங்கே பாறை நிலம். 1,000 அடியைத் தாண்டிய போர்களும் (ஆழ்துளைக் கிணறுகளும்) உண்டு, 80 அடி, 100 அடித் திறந்த கிணறுகளும் உண்டு. தோட்டத்தில் இருப்பவர் தாமே பார்க்கக் கூடியது எது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியது எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நல்ல நாளில் எழுதி வைக்க வேண்டிய நான்கு எண்கள்

பழுது வந்த பிறகு பழுதைத் தேடுவது கடினம். மோட்டார் நன்றாக ஓடும் நாளிலேயே பேனல் போர்டின் கதவுக்கு உட்புறம் நான்கு எண்களை எழுதி ஒட்டுங்கள். ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு, ஆம்ஸ் (மோட்டார் இழுக்கும் மின்னோட்டம்) எவ்வளவு, 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை விநாடி, பட்டனை அழுத்தியதிலிருந்து குழாய் வாயில் தண்ணீர் வர எத்தனை விநாடி. கூடவே தேதியும், மோட்டார் எத்தனை அடியில் நிற்கிறது, எத்தனை ஸ்டேஜ் (இம்பெல்லர் அடுக்கு) பம்ப் என்பதும் இருக்கட்டும்.

நான் வேலை பார்த்த தோட்டங்களில் இந்த எண்கள் இருந்தால் பாதி வேலை வண்டியை நிறுத்துவதற்குள் முடிந்துவிடுகிறது. எண்கள் இல்லாத இடத்தில், முன்பு நன்றாக வந்தது, இப்போது குறைவு என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. எட்டு ஆம்ஸ் காட்டும் அம்மீட்டர் ஒரு மோட்டாருக்கு ஆரோக்கியம், இன்னொன்றுக்கு நோய்.

ஒரு எச்சரிக்கை. பேனலைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, பியூஸ் கேரியர்களைக் கழற்றி உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடப்பது தெரியாமல் வீட்டில் உள்ள யாராவது சுவிட்சைப் போட்டுவிட்டால் உயிர் போய்விடும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. கெப்பாசிட்டர் இருந்தால், மின்சாரம் நின்ற பிறகும் அதற்குள் அடிக்கும் சக்தி தங்கியிருக்கும். ஒரு குண்டு பல்பின் இரண்டு வயர்களை அதன் முனைகளில் வைத்து இறக்கிவிட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

முதலில் வோல்ட்மீட்டரைப் பாருங்கள். செலக்டர் சுவிட்சைத் திருப்பி மூன்று இணைப்புகளையும் பார்க்க வேண்டும். மூன்றும் 415-ஐ ஒட்டி ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் மின்வாரியத்தின் பக்கம் குறை இல்லை. ஒன்று மட்டும் சரியாக இருந்து மற்ற இரண்டும் தாழ்ந்து கிடந்தால் ஒரு பேஸ் இல்லை. உங்கள் பியூஸ் போயிருக்கலாம், டிரான்ஸ்பார்மரில் போயிருக்கலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரை ஒரு முறை போனில் கேட்டாலே எது என்று தெரிந்துவிடும். டிரான்ஸ்பார்மரில் நீங்களாக ஏறாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அப்படி ஏறியவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோம்.

மின்சாரம் சரியாக இருந்தால் அடுத்தது ஓவர்லோடு ரிலே, ஆம்ஸ் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் காவல். அது தட்டியிருந்தால் ரீசெட் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். ஒரே ஒரு முறை. மறுபடியும் தட்டினால் அழுத்தி அழுத்தி ஓட்டாமல், கீழே டிரிப் பற்றி எழுதியிருக்கும் பகுதிக்கு வாருங்கள். ரிலே சரி என்றால் சிங்கிள் பேஸ் தடுப்பான், தண்ணீர் இல்லாமல் ஓடவிடாத டிரை ரன் தடுப்பான், மின்சாரம் வந்ததும் தானே மோட்டாரைப் போடும் ஆட்டோ சுவிட்ச் ஆகியவற்றின் விளக்குகளைப் பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று தடுத்துக்கொண்டிருக்கும். கோபத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேரடியாக இணைத்துவிடுபவர்கள் பலர். அது தடுத்ததற்குக் காரணம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு வேண்டுமானால் அதைச் சந்தேகப்படலாம்.

கடைசியாகப் பல்லி. வெதுவெதுப்பைத் தேடி ஸ்டார்ட்டருக்குள் நுழையும் பல்லி, மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே நசுங்கி, காய்ந்து, காகிதம்போல ஒட்டிக்கொண்டிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் அந்த ஒரு முனை மட்டும் சேராமல் மயிரிழை இடைவெளி தெரியும். எறும்புக் கூடும் இப்படித்தான். மண்ணை மென்று கொண்டுவந்து ரிலேயின் அசையும் பாகத்தில் அடைத்துவிடும். மெயினை அணைத்துவிட்டுத் துணியாலும் பிரஷ்ஷாலும் துடைத்து, பேனலுக்கு வயர் நுழையும் துளைகளை அடைத்து, உள்ளே நான்கு பாச்சை உருண்டைகளைப் போட்டு வையுங்கள். செலவு இல்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

ஸ்டார்ட்டர் கடகடவென்று அடித்துக்கொள்கிறது

கான்டாக்டர் இழுத்துப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டு அடித்தால் பெரும்பாலும் வோல்டேஜ் குறைவு. 350-க்குக் கீழே இருந்தால் மோட்டாரைப் போடவே வேண்டாம். வோல்டேஜ் நன்றாக இருந்தும் அடித்தால் கான்டாக்டரை இழுக்கும் ‘காயில்’ (கம்பிச் சுருள்) பலவீனம், அல்லது காந்தத்தின் முகத்தில் தூசும் துருவும் படிந்திருக்கிறது. துடைத்துப் பாருங்கள், போகாவிட்டால் காயிலை மாற்றுங்கள். பழைய காயிலில் 415 என்றோ 230 என்றோ எழுதியிருக்கும். அதே அளவில்தான் வாங்க வேண்டும்.

உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை

உடனே அணையுங்கள். ஐந்து விநாடி பார்ப்போம், பத்து விநாடி பார்ப்போம் என்று நின்றால் வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பி) போய்விடும்.

மூன்று பேஸ் மோட்டாராக இருந்தால் ஒரு பேஸ் வரவில்லை என்பதே முதல் சந்தேகம். நான் தொடக்கத்தில் சொன்ன பல்லடம் மோட்டாரின் கதை இதுதான். வோல்ட்மீட்டர் மூன்றும் சரியாகக் காட்டும், ஏனென்றால் அது ஸ்டார்ட்டருக்கு முன்னால் அளக்கிறது. ஸ்டார்ட்டருக்குப் பின்னால், கேபிளுக்குப் போகும் முனைகளில் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு, வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்ஸ் அளக்கும் டாங் டெஸ்டரை ஒவ்வொரு வயராகப் பிடித்தால் போதும். இரண்டில் ஆம்ஸ் எகிறி, ஒன்றில் சுழியம் காட்டினால் அந்த ஒன்றின் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது: கான்டாக்ட் முனை, ரிலேயின் திருகு, பெட்டியில் கேபிள் சேரும் இடம், கடைசியாகக் கிணற்றுக்குள் இருக்கும் ஜாயின்ட். மேலிருந்து கீழாக இந்த வரிசையில் தேடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் மோட்டார் நிற்காமல் இழுத்துக்கொண்டே ஓடும், மற்ற இரண்டு பேஸ்களின் ஆம்ஸ் ஏறக்குறைய 1.7 மடங்காகிவிடும். 9 இருந்த இடத்தில் 15. ரிலே சரியான அளவில் இல்லையென்றால் மோட்டார் அன்றே எரிந்துவிடும்.

வீட்டுக்குத் தண்ணீர் தரும் ஒற்றை பேஸ் மோட்டாரில் இதே அறிகுறி வந்தால் கெப்பாசிட்டரைப் பாருங்கள். வயிறு வீங்கியிருக்கும், எண்ணெய் கசிந்திருக்கும், அல்லது வெளியே ஒன்றுமே தெரியாமல் செத்திருக்கும். பழையதில் அச்சிட்ட அதே எம்எப்டி (மைக்ரோபேரட்) அளவில் நல்லது ஒன்றை மாட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. அதிக அளவில் போட்டால் மோட்டாருக்கு பலம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கூடுவது சூடுதான்.

மூன்று பேஸ் மோட்டாரைக் கெப்பாசிட்டர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயிர் காய்கிறது, மும்முனை மின்சாரம் இல்லை என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படி ஓடும் மோட்டாரில் வைண்டிங்கின் மூன்று பகுதிகளும் ஒரே சுமையைத் தாங்குவதில்லை. நான் பிரித்துப் பார்த்த எரிந்த மோட்டார்களில், இப்படி ஓடியவற்றில் ஒரு பகுதி மட்டும் கருகி, மற்றவை புதிதுபோல இருக்கும். அதைப் பார்த்தவர்கள் இதை மறுபடி செய்வதில்லை.

மின்சாரம் எல்லாம் சரி, மூன்று வயரிலும் ஒரே அளவில் ஆம்ஸ் எகிறுகிறது, தண்ணீர் இல்லை என்றால் பம்ப் இறுகியிருக்கிறது. மணல், சுண்ணாம்புப் படிவு, அல்லது பல மாதம் ஓட்டாமல் விட்டதால் உப்பேறிய இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்). மூன்று பேஸில் எவையேனும் இரண்டை மாற்றிப் போட்டு ஓரிரு விநாடி எதிர்ப்புறம் சுற்றவிட்டால் சில சமயம் விட்டுக்கொடுக்கும். இரண்டு முறை முயன்று பாருங்கள். மசியாவிட்டால் ஏற்ற வேண்டியதுதான்.

சிறிது நேரம் ஓடி டிரிப் ஆகிறது

ரிலேயை எத்தனை ஆம்ஸுக்கு வைத்திருக்கிறீர்கள்? மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். மோட்டாரை இரண்டு கட்டமாகத் தொடங்கும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் மோட்டாருக்குப் போகும் ஆறு வயர்களில் மூன்றில் ரிலே உட்கார்ந்திருந்தால் அந்த அளவில் 58 சதவீதம். இது தெரியாமல் முழு அளவுக்குத் திருகி வைத்து, காவல் இல்லாமல் மோட்டாரை ஓட்டுபவர்கள் பலர்.

அளவு சரியாக இருந்து, ஓடும்போது ஆம்ஸும் சரியாக இருந்து, அப்படியும் தட்டினால் ரிலேயின் திருகு தளர்ந்து அங்கேயே சூடாகிறது. வயரின் பிளாஸ்டிக் நிறம் மாறி, கருகிய வாடை வரும். திருகை இறுக்குங்கள், கருகிய நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக முறுக்குங்கள்.

உண்மையாகவே ஆம்ஸ் அதிகம் என்றால் வோல்டேஜைக் கூடவே பார்க்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் ஆம்ஸ் ஏறும். இங்கே பலர் மறப்பது கேபிள். 5 எச்பி மோட்டார் 9 ஆம்ஸ் இழுக்கிறது, கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர், நீளம் 1,000 அடி என்றால் கேபிளிலேயே ஏறக்குறைய 30 வோல்ட் போய்விடும். மேலே 380 காட்டினால் கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 350. போரை ஆழப்படுத்தி மோட்டாரை இன்னும் 300 அடி இறக்கும்போது பழைய கேபிளோடு அதே தடிமனில் ஒரு துண்டை ஒட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து டிரிப் தொடங்கும். 4 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு மாறுவதுதான் தீர்வு, மோட்டாரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

வோல்டேஜ் சரி, ஆம்ஸ் மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே வருகிறது என்றால் சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து உள்ளே உரசுகிறது. கதவில் எழுதிய எண் இங்கேதான் கை கொடுக்கும். 8.5 இருந்தது 9.5 ஆகி, 10 ஆகும்போதே ஏற்றிப் புஷ்ஷை மாற்றிவிட்டால் வைண்டிங் தப்பிக்கும்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் இல்லை அல்லது குறைந்துவிட்டது

அதிகம் குழம்புவதும், தேவையில்லாமல் மோட்டாரை ஏற்றுவதும் இந்த அறிகுறியில்தான். இங்கே அம்மீட்டரின் சொல்லைக் கேட்க வேண்டும்.

முதலில் நேற்று என்ன நடந்தது என்று யோசியுங்கள். டிரான்ஸ்பார்மரிலோ மின்கம்பத்திலோ வேலை நடந்ததா? பேனலில் யாராவது வயரைக் கழற்றி மாட்டினார்களா? அப்படியானால் பேஸ் மாறி மோட்டார் எதிர்ப்புறம் சுற்றுகிறது. எதிர்ப்புறம் சுற்றினாலும் சப்மெர்சிபிள் கொஞ்சம் தண்ணீர் தரும், அதனால் ஏமாந்துவிடுவோம். ஆம்ஸ் பெரும்பாலும் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். மெயினை அணைத்து, எவையேனும் இரண்டு வயர்களை இடம் மாற்றி மறுபடி போடுங்கள். எந்தப் பக்கம் அதிகத் தண்ணீர் வருகிறதோ அதுதான் சரியான பக்கம். ஐந்து நிமிட வேலை. கடைசியில் உள்ளங்கையளவு ஒரு அட்டையில் வயர்களின் நிறத்தை எழுதிப் பேனலில் ஒட்டிவிடுங்கள்.

சுற்றும் பக்கம் சரி என்றால், ஆம்ஸ் எங்கே நிற்கிறது?

ஆம்ஸ் பாதிக்குப் பக்கத்தில் விழுந்து, முள் அசையாமல் நிற்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, காற்றும் இல்லை. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள கப்ளிங் வழுக்கிவிட்டது அல்லது சாப்ட் (சுழலும் தண்டு) முறிந்துவிட்டது. மோட்டார் வெறுமனே சுற்றுகிறது. ஏற்ற வேண்டும்.

ஆம்ஸ் குறைந்து முள் ஆடுகிறது, காற்றும் தண்ணீருமாக இருமிக்கொண்டு வருகிறது. போரில் தண்ணீர் பம்புக்குக் கீழே போய்விட்டது. அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள். முதலில் நன்றாக வந்து பிறகு மறுபடி இருமினால் ஐயமே இல்லை. கப்ளிங் போன மோட்டாருக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு கொடுத்தாலும் தண்ணீர் வராது. இரண்டையும் பிரித்தறிய இதுவே வழி. நீர் வறண்ட நிலையில் ஓட்டினால் பம்பின் ரப்பர் புஷ்கள் சில நிமிடங்களில் கருகும், ஏனென்றால் அவற்றுக்குத் தண்ணீரே எண்ணெய். கேட் வால்வை இருமல் நிற்கும் வரை மூடி, ஊறும் அளவுக்கு மட்டும் எடுங்கள். அதிலும் நிற்காவிட்டால் ஓடும் நேரத்தைக் குறைத்து டைமர் வையுங்கள், டிரை ரன் தடுப்பானை மாட்டுங்கள். போரில் ஆழம் மிச்சம் இருந்தால் அடுத்த முறை ஏற்றும்போது இரண்டு குழாய் சேர்த்து இறக்கலாம். ஆனால் பெரிய எச்பி மோட்டாரை வாங்கி இறக்காதீர்கள். ஊற்று தருவதைவிட அதிகமாக எந்த மோட்டாராலும் எடுக்க முடியாது. கோடையில் இந்தத் தவறால் கடன்பட்டவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

ஆம்ஸ் பழைய அளவிலேயே இருக்கிறது, அல்லது சற்று அதிகம், டிரம் நிறைய மட்டும் நேரம் கூடிவிட்டது. காலம் பைப்பில், அதாவது பம்பிலிருந்து மேலே வரும் குழாயில், ஓட்டை. பம்ப் தன் வேலையைச் செய்கிறது, தண்ணீர் பாதி வழியில் போருக்குள்ளேயே விழுகிறது. மோட்டார் ஓடும்போது போரின் வாயில் உள்ள மூடியைச் சற்று விலக்கிக் காதை வைத்துக் கேளுங்கள். குழாய் நல்லதாக இருந்தால் ஆழத்திலிருந்து மெல்லிய ரீங்காரம் மட்டும் வரும். ஓட்டை இருந்தால் சுவரில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் சத்தம், மழை பெய்வதுபோலத் தெளிவாகக் கேட்கும். ஓட்டை மேலே இருந்தால் முகத்தில் சாரலே படும். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, டெலிவரி குழாயின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். குழாய் கையை உள்ளே இழுத்தால் உள்ளே நின்ற தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை போட்டதும் தண்ணீர் வர எடுக்கும் விநாடிகளை எண்ணி, கதவில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். கை இழுக்கிறது, தண்ணீர் வரத் தாமதம், ஆனால் ஓடும்போது சத்தமும் இல்லை, டிரம் நிறையும் நேரமும் மாறவில்லை என்றால் ஓட்டை இல்லை, தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பம்பின் தலையில் உள்ள என்ஆர்வி வால்வு மூடவில்லை. நிறுத்தியதும் 700 அடித் தண்ணீர் மொத்தமும் பம்பின் வழியாக இறங்கி அதை எதிர்ப்புறம் சுழற்றும். அந்த நேரத்தில் மின்சாரம் வந்து ஆட்டோ சுவிட்ச் உடனே போட்டுவிட்டால் சாப்ட் முறியும். இந்தப் பழுது உள்ள மோட்டாருக்கு ஆட்டோவில் குறைந்தது ஐந்து நிமிடத் தாமதம் வையுங்கள். அடுத்த முறை ஏற்றும்போது வால்வை மாற்றினால் போதும், இதற்காக மட்டும் ஏற்ற வேண்டாம்.

நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை இருந்தால் சத்தம் கேட்காது. அதுபோலவே இம்பெல்லர்கள் தேய்ந்திருந்தாலும் சத்தம் இருக்காது; தண்ணீர் ஒரே நாளில் குறையாமல் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைந்திருக்கும். இந்த இரண்டையும் மேலே இருந்துகொண்டு உறுதியாகப் பிரிக்க என்னால் முடிந்ததில்லை. எப்படியும் ஏற்ற வேண்டியவைதாம்.

தண்ணீர் கலங்கலாக, மணலாக வருகிறது

பக்கத்துத் தோட்டத்தில் புதிதாகப் போர் ஓட்டினால், பாறைப் பிளவின் வழியாக வெள்ளைக் கல்மாவு உங்கள் போருக்கு வரும். போர் வண்டி நிற்பது தெரிந்தால் அன்று மோட்டாரைப் போடாதீர்கள். அவர்கள் முடித்த மறுநாள் கேட் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, தெளியும் வரை ஓட்டுங்கள். இடைவிடாமல் மண் வந்தால், போரின் மேல்பகுதியில் மண் சரியாமல் காக்கும் கேசிங் பைப் பாறையில் சரியாக உட்காரவில்லை, அல்லது துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. மணலோடு ஓடும் பம்ப் தானே தன்னை அரைத்துக்கொள்கிறது. மோட்டாரை ஏற்றிவிட்டுக் கம்ப்ரசர் விட்டுப் போரைக் கழுவிய பிறகே இறக்க வேண்டும்.

குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

மற்ற எல்லாப் பழுதுக்கும் நாளை பார்த்துக்கொள்ளலாம். இதற்கு இல்லை. மெயினை அணைத்து, மாடுகளையும் பிள்ளைகளையும் தொட்டியின் பக்கம் போகவிடாமல் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

அவர் செய்ய வேண்டியது: கேபிளைப் பேனலிலிருந்து கழற்றி, மின்காப்பை அளக்கும் மெக்கர் கொண்டு ஒவ்வொரு வயருக்கும் குழாய்க்கும் இடையே அளப்பது. பல மெகோம் காட்டினால் கிணற்றுக்குள் எல்லாம் நலம், கசிவு மேலே இருக்கிறது. ஒரு மெகோமுக்குக் கீழே வந்தால் கவலைப்பட வேண்டும். அரைக்கும் கீழே போனால் மறுபடி மின்சாரம் கொடுக்கக் கூடாது. போரின் வாயில் கேபிள் கிளாம்ப்பில் உரசித் தோல் உரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த பல கசிவுகள் அங்கேயே முடிந்திருக்கின்றன. மூன்று வயர்களுக்கு இடையேயான ஓம்ஸையும் அளந்து பாருங்கள். மூன்றும் சமமாக இருக்க வேண்டும்; ஒன்று மாறினாலும் வைண்டிங்கோ ஜாயின்ட்டோ கெட்டிருக்கிறது.

எர்த் வயர் இருக்கிறதா என்று கேட்டால் பலர் குழாயைக் காட்டுகிறார்கள். பிளாஸ்டிக் காலம் பைப் வந்த பிறகு அந்தக் குழாய் எதற்கும் எர்த் ஆகாது. தனியாகக் குழி வெட்டிக் குழாய் நட்டு, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வைத்த எர்த் வேண்டும். மூன்று பேஸ் மோட்டாருக்கு இரண்டு எர்த்.

திறந்த கிணற்று மோனோபிளாக்: தண்ணீர் நிற்பதில்லை, இழுப்பதில்லை

காற்றழுத்தம் தண்ணீரைத் தூக்கக் கூடிய உயரம் கணக்கில் 34 அடி. நடைமுறையில் 20 அடியைத் தாண்டினாலே மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக, மேலே இருந்து உறிஞ்சும் பம்ப்) திணறும். கோடையில் நீர் இறங்கும்போது பழுது என்று கூப்பிடும் பலருக்கு, மோட்டாரை மேடை மாற்றிக் கீழே வைப்பதே மருந்து.

ஆழம் சரி என்றால், உறிஞ்சும் (சக்ஷன்) குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வைப் பாருங்கள். பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் புட்வால்வில் இலையோ நத்தையோ சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் தோல் வாஷர் போய்விட்டது. மட்டம் இறங்காமல், ஓட்டும்போது மட்டும் இழுக்கவில்லை என்றால் சக்ஷன் குழாயின் இணைப்பில் காற்று நுழைகிறது. ஓடும்போது சோப்பு நுரையை இணைப்புகளில் தடவுங்கள். எங்கே நுரை உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கே சணலும் வெள்ளை லெட்டும் வைத்துப் புதிதாக இறுக்குங்கள். சாப்ட்டைச் சுற்றிக் கயிறு அடைத்த கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். விழவே கூடாது என்று முறுக்கினால் சாப்ட்டில் பள்ளம் விழும். தாரையாக ஒழுகினால் கயிற்றை மாற்றுங்கள்.

கிணற்றில் இறங்கும் முன் ஒரு வார்த்தை. நீண்ட நாள் மூடிக் கிடந்த கிணற்றில் விஷக் காற்று தங்கும். டீசல் இன்ஜினை உள்ளே வைத்து ஓட்டிய கிணற்றில் புகை தங்கும், அது மூச்சிலேயே கொல்லும். எரியும் விளக்கைக் கட்டி இறக்குவது நம் முன்னோர் கண்ட சோதனை. அணைந்தால் இறங்கக் கூடாது. ஆனால் இன்ஜின் புகையின் நச்சு விளக்கை அணைக்காது, அதனால் விளக்கை மட்டும் நம்பவும் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் அப்படியே குதிப்பதால்தான் இரண்டு மூன்று பேர் போகிறார்கள். இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள், இவை இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

ஏற்றியே ஆக வேண்டும் என்றால்

ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் 20 அடி ஏறக்குறைய 22 கிலோ. 35 குழாய், உள்ளே நிற்கும் தண்ணீர், மோட்டார் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டும். கிளாம்ப்பின் போல்ட் தேய்ந்திருந்தால் அத்தனையும் போருக்குள் போய்விடும். ஒவ்வொரு முறையும் அடுத்த கிளாம்ப் இறுகிய பிறகே முந்தையதைத் தளர்த்த வேண்டும். சங்கிலிக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. குழாய்கள் வந்த வரிசையிலேயே எண் போட்டு அடுக்குங்கள். ஓட்டை எந்தக் குழாயில் இருந்தது என்று தெரிந்தால் துரு எந்த ஆழத்தில் பிடிக்கிறது என்பதும் தெரியும்.

மோட்டார் பட்டறைக்குப் போயிருக்கும் இரண்டு நாளும் போரின் வாயைத் திறந்து போடாதீர்கள். சாக்கைப் போட்டு மூடுவதும் மூடியதாகாது. இரும்பு மூடியைப் போட்டுப் போல்ட் முடுக்குங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத போருக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையைத் தமிழ்நாடே நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தும் மீட்க முடியவில்லை. அதன் பிறகு நான் மூடாத போருக்குப் பக்கத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

இறக்கும்போது கேபிள் ஜாயின்ட்டில் அவசரம் கூடாது. மூன்று வயர்களின் ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் ஏணிப்படிபோல மாற்றி மாற்றி வெட்டுங்கள். செம்பைப் பளபளக்கும் வரை சுரண்டி, முறுக்கி, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் டேப். பிறகு அந்த ஜாயின்ட்டை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, தண்ணீருக்கும் வயருக்கும் மெக்கர் வைத்துப் பாருங்கள். பழைய ஜாயின்ட் ஒன்றைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பொடியாகச் செம்பு உதிர்வதைக் காண்பீர்கள். டேப்பின் ஒரு சுற்றில் விட்ட இடைவெளி அது. தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாராக இருந்தால் சுத்தமான தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழி அடங்கும் வரை அசைத்து, மறுபடி நிரப்பி மூடி போடுங்கள். கேபிளைப் பத்தடிக்கு ஒரு முறை குழாயோடு கட்டுங்கள். கட்டு தளர்ந்தால் கேபிள் குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் சிக்கி உரியும்.

இறக்கி முடித்ததும் கேட் வால்வைக் கால்வாசி திறந்து போடுங்கள். முதலில் கலங்கல் வரும். தெளிந்த பிறகு மெல்ல மெல்லத் திறந்து, அரைமணி நேரம் ஓடவிட்டு, முள் ஓரிடத்தில் நின்றதும் கதவைத் திறந்து பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தேதியோடு அந்த நான்கு எண்களையும் எழுதுங்கள்.